படகில்லாமல் கடலுக்குப் போனவர்கள்

கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டுச் சமூக ஆய்வுக்கு வரலாமா என்று கேட்டுக்கொண்டு இப்போதெல்லாம் பிள்ளைகள் என்னைத் தேடி வருகிறார்கள். எல்லாரும் நல்ல சம்பளக்காரர்கள். வாசலில் வந்து நிற்கும் காரைப் பார்த்தாலே தெரிந்துவிடும். போன மாதம் வந்த ஒரு பெண் காபியை ஆறவிட்டுக்கொண்டே, "எங்களுக்கு டேட்டா தெரியும் மேடம், அதுக்குப் பின்னாடி இருக்கறவங்களத்தான் தெரியல" என்றாள்.

இப்படிக் கேட்பவர்களிடம், "வரலாம், சம்பளம் பாதியாகும், அம்மா அழுவாங்க, சம்பந்தம் பேச வர்றவங்க 'கணக்கெடுக்கப் போற பொண்ணா'ன்னு எழுந்து போயிடுவாங்க" என்று சொல்லி அனுப்புவது என் வழக்கம். பாதிப் பேர் அதோடு திருந்திவிடுவார்கள். அந்தப் பெண் திருந்தவில்லை. "நீங்க ஏன் மாறினீங்க?" என்று திருப்பிக் கேட்டாள். அதற்கு ஒரு வார்த்தையில் பதில் இருக்கிறது: கருக்களாச்சேரி. ஆனால் ஒரு வார்த்தையில் சொன்னால் யாருக்கும் புரியாது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எங்கள் வீடு காரைக்காலில், தலத்தெருவில். அப்பா பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்தே மேரியில் வேலை பார்த்தவர். நகராட்சி அலுவலகத்தை அந்தக் காலத்து ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள். பிறப்பும் இறப்பும் எழுதுவது அவர் வேலை. "இந்த ஊருல என்னைக் கேக்காம எவனும் பொறக்கவும் முடியாது, சாகவும் முடியாது" என்று பெருமையடித்துக்கொள்வார். அம்மா உடனே மாதா படத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொள்வாள். நான் கணக்கில் பட்டம் வாங்கி, மதராஸில் ஒரு பெரிய கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவில் சேர்ந்தேன். எழுபதுகளின் தொடக்கம் அது. பயிற்சி என்று ஒன்று நடந்தது. அதில் கற்றதைவிட, பிறகு தப்புப் பண்ணித் திட்டு வாங்கிக் கற்றதுதான் அதிகம்.

கம்ப்யூட்டர் என்றால் இன்று பையில் போட்டுக்கொண்டு போகிறீர்களே, அது இல்லை. ஒரு கூடம் முழுக்க நிற்கும். கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் குளிர்சாதன அறையில் இருக்கும். உள்ளே போவதற்குச் செருப்பைக் கழற்ற வேண்டும். சித்திரை வெயிலிலும் நாங்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலை பார்த்தோம். எந்த விவரமாக இருந்தாலும் அட்டையில் துளை போட்டுத்தான் அதற்குக் கொடுக்க வேண்டும். ஓர் அட்டையில் எண்பது கட்டம். ஒரு மனிதனைப் பற்றி அதற்குத் தெரிய வேண்டியதெல்லாம் அந்த எண்பதுக்குள் அடங்க வேண்டும். கட்டுக் கட்டாக அட்டையை விழுங்கி, கொஞ்ச நேரம் உறுமிவிட்டு, அகலமான தாளில் படபடவென்று அடித்துத் தள்ளும். முதல் வருடம் முழுக்க அதை நான் கோயிலுக்குள் நுழைகிறவள் மாதிரிதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது பொய் சொல்லாது, சோர்வடையாது, ஆள் பார்த்துப் பேசாது. உலகத்தில் இதைவிடப் பெரிய அதிசயம் இருக்க முடியாது என்று நினைத்தேன்.

என் புரோகிராம்களில் எனக்குப் பிடித்தவை தப்புக் கண்டுபிடிப்பவை. சம்பளப் பட்டியலில் ஓய்வு பெற்றவருக்கு ஓவர்டைம் போட்டிருந்தால் பிடித்துவிடும். மானேஜர் என்னைப் 'போலீஸ் பிலோமினா' என்று கூப்பிடுவார். பெருமையாக இருக்கும்.

கம்பெனிக்கு வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் மெஷினை வெளியாருக்கு வாடகைக்கு விடுவார்கள். அப்படித்தான் பேராசிரியர் கமலவேணி வந்தார். கடலோரக் கிராமங்களைப் பற்றி ஆய்வு நடத்திக்கொண்டிருந்த ஒரு நிறுவனத்துக்கு அவர் தலைவர். ஒடிசலான உடம்பு, கஞ்சி போட்ட பருத்திப் புடவை, வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. அட்டைகளைப் பிஸ்கட் டின்களில் அடுக்கிக்கொண்டு ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். ஞாயிறு பூசையை முடித்துவிட்டு நேரே கம்பெனிக்கு வந்திருந்த நான்தான் அவருக்கு ஒதுக்கப்பட்ட ஆள்.

அந்த அம்மாளுடைய நடைமுறைகளைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். மெஷின் அடித்துத் தரும் தாளை மேஜையில் விரித்து, மர ஸ்கேலை வரிக்கு அடியில் வைத்து ஒவ்வொன்றாகக் கீழே இறக்குவார். மொத்தம் சரியாக இருந்தாலும் நம்பமாட்டார். ஒவ்வொரு அட்டவணையும் முடிந்ததும் பையிலிருந்து ஏதாவதொரு வீட்டின் படிவத்தை எடுத்து, முதல் கேள்வியிலிருந்து கடைசிக் கேள்வி வரை சத்தமாக வாசிப்பார். கூரை ஓலையா ஓடா, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, நேற்று என்ன சமைத்தார்கள், மூத்த மகள் ஏன் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றாள். "வீடு வாசிக்கிறது" என்பார் அதை. கண்ணாடி அறைக்கு வெளியே நின்று அவர் வாசிக்கக் கேட்கும்போது எனக்கு என்னமோ செய்யும். காலையிலிருந்து நான் அட்டையாகப் பார்த்துக்கொண்டிருந்தவள் அங்கே எழுந்து நின்று தண்ணீர்க்குடத்தைத் தூக்குவாள்.

வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதுகிற களப்பணியாளர்களுக்கு அவர் போட்டிருந்த விதி ஒன்றுதான்: வாய் சொல்லாததைக் கை எழுதக் கூடாது. தெரியாவிட்டால் கட்டத்தைக் காலியாக விட வேண்டும். எழுதி முடித்ததும், எழுதியதைச் சொன்னவர்களுக்கே திரும்ப வாசித்துக் காட்ட வேண்டும். அவர்கள் சரி என்று சொன்னால்தான் படிவம் முடிந்தது. யாராவது எதையாவது அடித்துப் பேசினால், கிராம்பை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளிக்கொண்டு, "யாரு பாத்தா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்து துணைவேந்தரே வழிமாறிப் போவாராம். கோபம் வந்தால் மரியாதை கூடும் அவருக்கு. 'வாங்க' 'போங்க' என்றால் சாதாரணம். 'வாருங்கள்' என்று புத்தகத் தமிழில் ஆரம்பித்துவிட்டால் அன்றைக்கு யாருக்கோ கஷ்டகாலம் என்று அர்த்தம்.

எழுபதுகளின் கடைசியில் கருக்களாச்சேரி அட்டைகள் வந்தன. காரைக்காலுக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர். எங்கள் ஊர்ப் பக்கம் என்பதால் ஆசையாக உட்கார்ந்தேன். அந்த ஊருக்கு இரண்டு வகைப் படிவம். ஒன்று வீட்டுக்கு: யார் யார் இருக்கிறார்கள், என்ன வேலை. இன்னொன்று கட்டுமரத்துக்கு: யார் யார் ஏறுகிறார்கள், கிடைத்ததை எத்தனை பங்காகப் பிரிக்கிறார்கள். நானே யோசித்து ஒரு புரோகிராம் எழுதினேன். கடலுக்குப் போகிறேன் என்று வீட்டில் சொன்ன ஒவ்வொருவரும் ஏதாவதொரு கட்டுமரத்தில் இருக்கிறாரா என்று தேடிப் பார்க்கும் புரோகிராம். யாரும் என்னிடம் கேட்கவில்லை. கை அரிப்பு, அவ்வளவுதான்.

மெஷின் உறுமியது, தாள் வந்தது. கருக்களாச்சேரியில் சில ஆண்கள் கடலுக்குப் போகிறார்கள், ஆனால் எந்த மரத்திலும் ஏறுவதில்லை. அதே ஊரில் சில மரங்களில் பங்கு ஒன்று அதிகமாக இருக்கிறது. மரத்துக்கும் வலைக்கும் உள்ள பங்கைக் கழித்தாலும், ஏறின ஆட்களைவிட ஆள் பங்கு ஒன்று கூடுதல்.

"தண்ணிமேல நடந்தவர் ஒருத்தர்தான்னு ஞானோபதேசத்துல சொல்லிக் குடுத்தாங்க. ஒங்க ஊருல இத்தனை பேரா?" என்று என்னுடன் வேலை பார்த்த தெரேசா சிரித்தாள். நானும் சிரித்தேன். பேராசிரியர் சிரிக்கவில்லை. ஸ்கேலை வரிக்கு வரி இறக்கிக்கொண்டே வந்தார். எல்லாப் படிவமும் ஒரே களப்பணியாளர் எழுதியவை.

ஆய்வுத் தொழிலில் கொலைக்குச் சமமான ஒரு குற்றம் உண்டு. வீட்டுக்கே போகாமல் டீக்கடையில் உட்கார்ந்து படிவத்தைத் தானே நிரப்புவது. அப்படிச் செய்தவனுக்கு எந்த நிறுவனமும் மறுபடி வேலை கொடுக்காது. வாய்க்கு வந்ததை எழுதுகிறவன் இப்படித்தான் மாட்டுவான், ஓர் இடத்தில் ஆளை எழுதுவான், இன்னோர் இடத்தில் மறந்துவிடுவான். பேராசிரியர் தாளை மடித்தார். "கலியமூர்த்தி அவர்களை வரச் சொல்லுங்கள்" என்றார். புத்தகத் தமிழ்.

கலியமூர்த்தி திருநள்ளாற்றுப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. பி.ஏ. படித்தவர். வீட்டில் முதல் சம்பளக்காரர். தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள், அண்ணனுக்கு வேலை இருக்கிறது என்பதை வைத்து. பஸ்ஸில் வந்த புழுதியோடு வந்து நின்றார். பேராசிரியர் தாளைக் காட்டி, "இந்த மனிதர்கள் எந்த மரத்தில் போகிறார்கள்?" என்று கேட்டார்.

"தெரியாதும்மா. 'கடலுக்குப் போயிருக்காரு'ன்னாங்க. எழுதினேன்."

"எப்போது திரும்புவார்கள் என்று கேட்டீர்களா?"

"கேட்டேன். பதில் சொல்லல. காலியா விட்டேன்."

"உங்களுக்கு என்ன தோன்றியது?"

"தோணுனத எழுதக் கூடாதுன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க" என்றார்.

படிவத்தை எடுத்துப் பார்த்தால் அவர் சொன்னது சரி. கணவர் உடன் வசிக்கிறாரா, வெளியூரா, காலமானாரா என்று எண் போட வேண்டிய கட்டம் காலியாக இருந்தது. பக்கத்தில் நீல மையில் 'கடலுக்குப் போயிருக்கிறார்' என்று எழுதியிருந்தார். அட்டையில் துளை போட்ட பெண்கள், மீன்பிடிக்கத்தானே போயிருக்கிறார் என்று 'உடன் வசிக்கிறார்' எண்ணைப் போட்டுவிட்டிருந்தார்கள். ஆனாலும் மரத்தில் ஆள் இல்லை என்பது அப்படியேதான் இருந்தது. பேராசிரியர் கிராம்பை மென்றார். "நான் போய்ப் பார்க்கிறேன். நீங்கள் சொன்னது பொய்யாக இருந்தால் அங்கிருந்தே வீட்டுக்குப் போய்விடலாம்" என்றார். நான் எழுதிய புரோகிராம் ஒருவர் சோற்றில் கைவைக்கப் போகிறது. "நானும் வரேன், எங்க ஊருதான்" என்றேன்.

மாயவரத்தில் ரயிலைவிட்டு இறங்கி பஸ் பிடித்துப் போனோம். எங்கள் வீட்டிலேயே தங்கினார் பேராசிரியர். அம்மா செய்த இறால் குழம்பை ரசித்துச் சாப்பிட்டார். அப்பா மேரிக் கதைகளை அவிழ்த்துவிட்டபோது இரண்டு இடத்தில் "யாரு பாத்தா?" என்று கேட்டார். அப்பாவை அப்படிக் கேட்ட முதல் ஆள் அவர்தான். கலியமூர்த்தி சாப்பிட வரவில்லை. காலையில் நேரே கருக்களாச்சேரிக்கு வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டார்.

மறுநாள் ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் சொல்லிவிட்டுக் கடற்கரைக்குப் போனோம். மரங்கள் அலையைத் தாண்டி வந்துகொண்டிருந்தன. பெண்கள் கூடைகளோடு காத்திருந்தார்கள். ஒரு மரம் கரை ஏறியது. அதில் வந்தவர்கள் நாலு பேர். மீனை ஏலம் போட்டார்கள். முடிந்ததும், வீட்டுக் குழம்புக்கென்று ஒதுக்கியிருந்த மீனை மணலில் கூறு போட ஆரம்பித்தார் வயதில் மூத்தவர். ஒரு கூறில் ஒரு சங்கரா அதிகமானால் எடுத்து அடுத்ததில் போட்டார். சின்ன மீனைக் குவித்துச் சமன் செய்தார். நிமிர்ந்தபோது மணலில் ஐந்து கூறு இருந்தது.

நானும் பேராசிரியரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மெஷின் சொன்ன அந்தக் கூடுதல் பங்கு எங்கள் கண்முன்னால் ஈரம் சொட்டிக்கொண்டு கிடந்தது.

பெரியவர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். ஒவ்வொருவர் வீட்டிலிருந்தும் வந்து எடுத்துப் போனார்கள். கடைசிக் கூறைக் காட்டி, "மாணிக்கவேலு" என்றார். நெற்றியில் குங்குமம் வைத்த ஒரு பெண் வந்து, ஓலைப்பெட்டியில் மீனை அள்ளிக்கொண்டு, மற்றப் பெண்களோடு பேசிக்கொண்டே நடந்தாள். யாரும் அவளை இரக்கமாகப் பார்க்கவில்லை. அவளும் யாருக்கும் நன்றி சொல்லவில்லை.

"நான் எழுதின பேரும்மா அது" என்றார் கலியமூர்த்தி மெதுவாக.

பேராசிரியர் பெரியவரிடம் போனார். "மாணிக்கவேல் எங்கங்க?"

பெரியவர் மோவாயைக் கடல் பக்கம் நீட்டினார். "போயிருக்காரு."

"எப்ப போனாரு?"

"புயலுக்கு மொத நாளும்மா."

புயல் அடித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

அத்தனை வருடங்களில் நான் கண்டுபிடித்த தப்புகள் எல்லாமே மனிதர்கள் செய்த தப்புகள். அன்று மெஷின் சொன்னதும் சரி, கலியமூர்த்தி எழுதியதும் சரி, ஊர் சொன்னதும் சரி. அதற்கு முன் எல்லாரும் சரியாக இருந்து கணக்கு மட்டும் உதைத்ததை நான் பார்த்ததே இல்லை. பேராசிரியர் குடையை ஊன்றிக்கொண்டு கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். கடல் அமைதியாக இருந்தது.

ஊர் வழக்கத்தைப் பஞ்சாயத்தார் ஒருவர்தான் சொன்னார். சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒடம்பு கரை ஒதுங்கினா அது வேற. ஒதுங்கலேன்னா, பொண்டாட்டி வாயால சொல்ற வரைக்கும் ஊரு சொல்லாது. அதுவரைக்கும் அவன் எந்த மரத்துல போனானோ அந்த மரத்துக்காரங்க பங்கு வைக்கணும்."

"அவங்க சொல்லிட்டா பங்கு நின்னுடுமா?" என்று நான் கேட்டேன். போலீஸ் புத்தி போகுமா?

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் வருத்தம் இருந்தது. "நிக்காதும்மா. அவ புள்ள மரம் ஏறுற வரைக்கும் வரும். அவன் பேருல வர்றது இவ பேருல வரும், அவ்வளவுதான். பங்குக்காகவா சொல்லாம இருக்கா?"

இரண்டு மழைக்காலம், மீன் கிடைக்காத மாதங்கள், கடன், பசி, அத்தனையிலும் அந்த நாலு பேரும் தினம் தினம் ஐந்து கூறு போட்டிருக்கிறார்கள். எந்தச் சட்டமும் கேட்கவில்லை, எந்த அதிகாரியும் வந்து பார்க்கவில்லை. இப்படி ஒரு மரம் இல்லை, சில மரங்கள். ஒரு பெண் தன் மனசுக்குள் ஒரு முடிவுக்கு வருவதற்காக ஓர் ஊரே பேச்சை அடக்கிக்கொண்டு காத்திருக்கிறது. கோயிலுக்குள் நுழைவதுபோல நான் நுழைந்த அந்தக் கண்ணாடி அறை நினைவுக்கு வந்தது. அது எவ்வளவு சின்ன அறை என்று தோன்றியது.

மாணிக்கவேலின் மனைவி அஞ்சம்மாள். கணவர் பெயரைச் சொல்லும் வழக்கம் இல்லாததால், படிவத்துக்குப் பெயர் சொன்னதே பக்கத்து வீட்டுக்காரிதானாம். நாங்கள் போனபோது அரிவாள்மணையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள், உட்கார்ந்தோம். பேராசிரியர் படிவத்தில் அச்சடித்திருந்த கேள்வியை அப்படியே கேட்டார்.

"ஒங்க வீட்டுக்காரர் எங்கம்மா இருக்காங்க?"

"கடலுக்குப் போயிருக்காங்க."

பேராசிரியர் தயங்கினார். அவர் தயங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "திரும்பி வருவாங்களாம்மா?"

அஞ்சம்மாளின் கை நின்றது. "வரமாட்டாங்கன்னு யாரு பாத்தா?" என்றாள்.

சிரிக்கவா அழவா என்று எனக்குத் தெரியவில்லை. அஞ்சம்மாள் ஒரு மீனைக் கழுவிச் சட்டியில் போட்டுவிட்டு, தானே பேசினாள்.

"தெரியாம இல்லீங்க. நானும் கடக்கரையில பொறந்தவதான். ஆனா பாக்காதத என் வாயால எப்படிச் சொல்றது? சொல்ல வரும்போது சொல்லுவேன். ஊருல யாரும் அவசரப்படுத்தல." பிறகு கலியமூர்த்தி கையிலிருந்த தாளைப் பார்த்தாள். "அதுல என்ன எழுதியிருக்கீங்க?"

"நீங்க சொன்னததான் எழுதியிருக்கேன். இந்தக் கட்டத்தக் காலியா விட்டுருக்கேன்" என்று காட்டினார் அவர்.

"வேற யாரும் எழுதிட மாட்டீங்களே?"

"மாட்டோம். ஒங்க எடம் அது" என்றார் பேராசிரியர்.

திரும்பி நடக்கையில் பேராசிரியர் வெயிலில் நின்று கலியமூர்த்தியிடம், "உங்க படிவம் சரி. என் கேள்விதான் போதல. சந்தேகப்பட்டதுக்கு என்னை மன்னிச்சுடுங்க" என்றார். சாதாரணத் தமிழ். கலியமூர்த்தி பதறிப்போய், "ஐயோ, விடுங்கம்மா" என்றார். பிறகு வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெயில்தான் காரணம் என்று நானும் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அப்பா கையிலிருந்த தினசரியைக் கீழே வைத்தார். "அந்தப் புயலுக்கு மத்த ஊருக்காரங்கல்லாம் எங்ககிட்ட வந்து சாவு எழுதிட்டுப் போனாங்க. கருக்களாச்சேரியிலேர்ந்து மட்டும் ஒரு ஆளு வரல. மாதா அந்த ஊரக் காப்பாத்திட்டான்னு நெனச்சு மெழுகுவத்தி ஏத்துனேன்" என்றார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பெருமைப் பேச்சைப் பேசி நான் கேட்கவில்லை.

மதராஸில் அடுத்த சிக்கல். காலியான கட்டத்தை மெஷின் ஏற்காது. தப்பு என்று அந்த வீட்டையே வெளியே தள்ளிவிடும். அந்த வீடுகளைத் தள்ளினால் கருக்களாச்சேரிக் கணக்கில் அவர்கள் இல்லாமலே போவார்கள். விதவை என்று ஓர் எண்ணைப் போட்டுவிட்டால் எல்லாம் சுமுகமாக ஓடும் என்று நிறுவனத்திலேயே சிலர் சொன்னார்கள். பேராசிரியர் என்னைப் பார்த்தார். "ஒங்க புரோகிராமுக்குக் காத்திருக்கத் தெரியுமா?" என்றார்.

தெரியவில்லை. கற்றுக்கொடுத்தேன். அந்தக் கட்டத்துக்கு மட்டும் காலியிடத்தையும் ஒரு பதிலாக ஏற்கும்படி எல்லாப் புரோகிராமையும் மாற்றினேன். பல ஞாயிற்றுக்கிழமைகள் பூசைக்குக்கூடப் போகாமல் உட்கார்ந்தேன். அட்டவணையில் அவர்களுக்குத் தனி வரி கொடுத்தேன். அந்த வரிக்குத் தலைப்பு வேண்டுமே. அச்சு மெஷினுக்கு ஆங்கிலப் பெரிய எழுத்து மட்டும்தான் தெரியும். அந்த எழுத்துகளிலேயே தமிழை அடுக்கி, 'கடலுக்குப் போயிருக்கிறார்கள்' என்று அடிக்க வைத்தேன். தாள் வெளியே வந்தபோது தெரேசா எட்டிப் பார்த்தாள். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

அடுத்த வருடம் கம்பெனியை விட்டுப் பேராசிரியரிடம் சேர்ந்தேன். மானேஜர், "மீன் வாசம் புடிச்சுப்போச்சா பிலோமினா?" என்றார். அம்மா அழுதாள். அப்பா மட்டும், "வீடு வீடாப் போயி பேரு எழுதறது நம்ம குடும்பத் தொழில்தான்" என்று சமாதானம் சொன்னார். முனைவர் பட்டம், கட்டுரைகள், கருத்தரங்கம் எல்லாம் பிறகு வந்தன. அவற்றைப் பற்றிச் சொல்ல விசேஷமாக ஒன்றும் இல்லை. எண்பதுகளில் நிறுவனம் தலத்தெருவில் ஒரு கள அலுவலகம் திறந்து, என்னைப் பொறுப்பாளராகவும் கலியமூர்த்தியைக் கள மேற்பார்வையாளராகவும் போட்டது. அவர் தங்கைக்குத் தடங்கல் இல்லாமல் கல்யாணம் ஆகியிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் எத்தனையோ ஊர் சுற்றினோம். ஒரு படிவத்தில் காலிக் கட்டத்தைப் பார்த்தால் இன்றும் எனக்கு அதற்குள் யாரோ உட்கார்ந்திருப்பதாகத்தான் தோன்றும்.

ஒரு நாள் முற்பகலில் அலுவலக வாசலில் மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. அடையாளம் தெரிய எனக்குக் கொஞ்சம் நேரமானது. கலியமூர்த்தி எழுந்து நின்றுவிட்டார்.

"மவளுக்குக் கல்யாணம் வச்சிருக்கேங்க" என்றாள் அஞ்சம்மாள். "பத்திரிகை அடிக்கக் குடுத்தேன். அச்சாபீசுக்காரரு, அவுங்க பேருக்கு முன்னாடி 'காலஞ்சென்ற'ன்னு போடணுமா வேணாமான்னு கேட்டாரு. ஒரு நாளு பூரா யோசிச்சேன். போடச் சொல்லிட்டேன். ஊருல பஞ்சாயத்தாருகிட்டேயும் போயி சொல்லிட்டேன்." மூச்சு விட்டுக்கொண்டாள். "ஒங்ககிட்டேயும் ஒரு எடம் காலியா கெடக்கே. எனக்காக எத்தன நாளுதான் வச்சிருப்பீங்க?"

அந்த ஆய்வு முடிந்து, அறிக்கை அச்சாகி, அலமாரிகளில் தூசி படிந்திருந்தது. அந்த அட்டைகளைப் படிக்கும் மெஷினையே கம்பெனி கழித்துக்கட்டியிருந்தது. இனி அந்தக் கட்டத்தை நிரப்பி உலகத்தில் எந்தக் கணக்கும் மாறப்போவதில்லை. அதை அவளிடம் சொல்ல எனக்கு ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. கலியமூர்த்தி உள்ளே போய், கருக்களாச்சேரிக் கட்டைப் பிரித்து அந்தப் படிவத்தை எடுத்து வந்தார். அவளுக்கு எதிரே உட்கார்ந்து, பேனாவில் நீல மை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

"அவுங்க பேரு எங்க இருக்கு?" என்று கேட்டாள். நான் காட்டினேன். அதன்மேல் விரலை வைத்தாள். "இத அடிச்சிட மாட்டீங்களே?"

"அடிக்கமாட்டேம்மா. பக்கத்துலதான் எழுதுவேன்" என்றார் கலியமூர்த்தி. பிறகு, அன்றுதான் அந்த வீட்டுக்கு முதல் தடவை போனவர்போல, அச்சடித்த கேள்வியை அப்படியே கேட்டார். "ஒங்க வீட்டுக்காரர் எங்கம்மா இருக்காங்க?"

"கடல்லதான் இருக்காங்க" என்றாள் அஞ்சம்மாள். "இனிமே வரமாட்டாங்க."

அவர் எழுதினார். அவள் சொன்னதை மட்டும் எழுதினார். எழுதி முடித்ததும், விதிப்படி, எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்டினார்.

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். "சரியா எழுதியிருக்கீங்க" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.